சாமி விடுதலை செய்த கம்பெனி

என் தாய்மாமன் அன்று கோயிலில் பொய் சொல்லவில்லை. எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்காததற்கு அதுதான் காரணம். பொய் சொல்லியிருந்தால் பாவம் அவரோடு போயிருக்கும்.

மாமாவுக்குத் தொழில் ஜீப். கம்பத்தில் எங்கள் தெரு முக்கிலிருந்து விடியும் முன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு என்கிற மலைப்பாதை வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போவார். இருட்டுகிற நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து இறக்குவார். வண்டி எத்தனை பேருக்காகக் கட்டப்பட்டதோ அதைப் போல இரண்டு மடங்கு ஆட்கள் உள்ளே இருப்பார்கள். ஒருத்தி தோளில் இன்னொருத்தி தூங்க, கொண்டை ஊசி வளைவுகளில் மொத்த ஜீப்பும் ஒரே உடம்பாகச் சாயும். ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் இருந்த இடம் என் அம்மாவுடையது. மாமாவின் கூடப்பிறந்த அக்கா என்பதால் கிடைத்த இடம்.

அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டுச் சோறு அந்த இடத்திலிருந்துதான் வந்தது. தோட்டத்துக் கங்காணி ஆட்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஜீப் ஜீப்பாகத்தான் பார்ப்பார். ஜீப்பில் இடம் போனால் மலையில் வேலை போயிற்று என்று அர்த்தம். இதை அம்மா எனக்குச் சொல்லித் தந்ததில்லை. காய்ச்சலோடும் அவள் எழுந்து போய்த் தெரு முக்கில் நின்றதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். தேனியில் பி.காம். படித்தேன். முதல் வருடக் கட்டணம் கட்டியதும் மாமாதான். நான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் கம்பெனி வந்தது. பணம் கட்டினால் ஒரு டப்பா மூலிகைப் பொடி தருவார்கள். நமக்குக் கீழே இரண்டு பேரைச் சேர்த்துவிட வேண்டும், அவர்கள் ஆளுக்கு இரண்டு பேரை. பிறகு வீட்டில் உட்கார்ந்திருந்தாலே மாதாமாதம் செக் வரும். கம்பெனிப் பெயரில் ஒரு சாமி இருந்தது. அதனால் பெண்கள் டப்பாவைப் பிரிக்கும் முன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

கம்பெனி ஆள் ஒருவர் தேனியிலிருந்து வந்து கல்யாண மண்டபத்தில் பேசினார். வெள்ளைச் சட்டை, இடுப்பில் இரண்டு செல்போன். “ஏலக்கா எடுக்கிற கையில ஏலக்கா வாசம் வருது. பணம் எண்ணுற கையில என்ன வாசம் வரும்னு சொல்லுங்க பாப்போம்” என்றார். “தெரியாதுல்ல? அதைத் தெரிஞ்சுக்கத்தான் கூப்பிட்டிருக்கேன்” என்றார். மண்டபம் சிரித்தது. அம்மாவும் சிரித்தாளாம்; இதெல்லாம் பிறகு மாமா சொல்லித் தெரிந்தது.

மாமா தன் ஜீப்பை முழுதாகச் சேர்த்துவிட்டார். அது அவருக்குக் கஷ்டமே இல்லை. மலை ஏறுகிற நேரம் முழுக்க எழுந்து போக முடியாத கூட்டம் அது. தினமும் யார் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுத் தூங்குகிறார்களோ, அந்த ஆளிடம் கொஞ்சம் காசைக் கொடுக்க அந்தப் பெண்கள் யோசிக்கவில்லை.

நான் விடுமுறைக்கு வந்தபோது மாமாவிடம் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு, நான்கு, எட்டு என்று போனால் கொஞ்ச நாளில் கம்பம் பள்ளத்தாக்கிலேயே சேர்க்க ஆள் இருக்காது என்றேன். அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்ன மாப்ள, காலேசுல இதத்தான் சொல்லிக் குடுக்குறாகளா? கம்பத்துல ஆளு தீந்தா போடி இருக்கு. போடியில தீந்தா கேரளா இருக்கு. அங்கன தீரட்டும், அப்பறம் பேசுவோம்.”

கேரளா வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. செக்குகள் வங்கியிலிருந்து திரும்பி வந்தன. தேனி அலுவலகத்தில் பூட்டுத் தொங்கியது. பலகையைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

போலீசுக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். நான் எழுதித் தருகிறேன், எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். ஒருத்தியும் அசையவில்லை. ‘உன்னிடம் யார் பணம் வாங்கியது’ என்றுதான் ஸ்டேசனில் முதலில் கேட்பார்கள். பதில் மாமாவின் பெயர். மறுநாள் காலையில் அவர் ஜீப்பில்தான் ஏற வேண்டும்.

ஆனால் அவர்கள் சும்மாவும் விடவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். செய்துவிட்டால் வழக்கு முடிந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசினால் சாமியை நம்பவில்லை என்றாகிவிடும். வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்புப் பெண்கள் எல்லோரும் மாமாவைக் கோயிலுக்கு வரச் சொன்னார்கள்.

மாமா குளித்து ஈர வேட்டியோடு வந்து நின்றார். “ஒங்க பணத்துல ஒரு பைசா எங் கையில ஒட்டல. ஒட்டியிருந்தா எஞ் ஜீப்பு மெட்டுல உருளட்டும்” என்று கையை ஓங்கினார்.

“இருப்பா, இருப்பா” என்று கூட்டத்தில் மூத்தவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஜீப்புக்குள்ள நாங்கள்ல இருக்கோம். வேற எதையாச்சும் சொல்லு.”

“செரி. எங் கண்ணு அவிஞ்சு போகட்டும்.”

“கண்ணு போனா எப்பிடி வண்டி ஓட்டுவ? அதுவும் எங்களுக்குத்தான் கேடு.”

“கை வெளங்காமப் போகட்டும்.”

“ஸ்டேரிங்கை யாரு பிடிக்கிறது, ஒங்கப்பனா?”

மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் அவருடைய நாக்கில் பேரம் முடிந்தது. பேச்சு நின்றுபோனாலும் வண்டி ஓடும். அவர் கற்பூரத்தை அடித்து அணைத்தார். பெண்கள் திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் அதே ஜீப், அதே இடங்கள்.

அவர் சொன்னது சத்தியமான உண்மை. மாமாவும் தன் பணத்தைப் போட்டு இழந்திருந்தார். ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: நீ தின்றாயா? யார் தின்றார்கள் என்று சாமி முன்னால் யாரும் கேட்கவில்லை. தின்றவன் அந்தக் கோயில் வாசலுக்கே வரவில்லை; ஆனாலும் அன்று அவனுக்குத்தான் விடுதலை கிடைத்தது. வழக்கு முடிந்துவிட்டது. இனி போலீசுக்குப் போனால் அது மாமாவுக்கு எதிராகக்கூட இல்லை, அம்மனுக்கு எதிராகப் போவது.

நான் படிப்பை முடித்துத் தேனியில் ஒரு உரக் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்த பிறகு, மாமா ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் பளபளவென்று இருந்தது.

“அக்கா, நம்ம பணம் சாகல. தூங்கிக்கிட்டுத்தான் இருந்திருக்கு.”

புதுக் கம்பெனி வந்திருக்கிறதாம். இந்தத் தடவை பெயரில் சாமி இல்லை, இங்கிலீஷ் வார்த்தை. பழைய கம்பெனியில் இருந்தவர்களின் உறுப்பினர் நம்பரை அப்படியே இதில் ஏற்றிக்கொள்வார்களாம். பழைய பணமும் கணக்கில் வருமாம். ஆனால் புதிதாக ஒரு தொகை கட்டினால்தான் பழைய நம்பர் உயிர்பெறும்.

“யாரு மாமா நடத்துறது?”

“மண்டபத்துல பேசுனாருல்ல, அதே சாருதான் மாப்ள. பாவம், அவரும் அந்தக் கம்பெனியில ஏமாந்துட்டாரு. நமக்காகத்தான் அலையுறாரு.”

முதல் தடவை மாமா வெறும் ஜீப் ஓட்டுநர். இந்தத் தடவை அவர் கற்பூரம் அடித்தவர். எங்கள் தெருவில் பண விஷயத்தில் சாமியே சுத்தமானவர் என்று சொல்லிவிட்ட ஒரே ஆள். அவர் வாயிலிருந்து வந்ததாலேயே பெண்கள் நம்பினார்கள். சிலர் வட்டிக்கு வாங்கினார்கள், சிலர் நகையைக் கழற்றினார்கள். அம்மாவிடம் மிச்சமிருந்தது காதில் கிடந்த ஒரு ஜோடித் தோடுதான்.

என்னோடு உரக் கடையில் வேலை பார்த்த பையனுக்குச் சொந்த ஊர் வடுகபட்டி. ஒரு நாள் சாப்பிடும்போது இந்தக் கதையைச் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டான்.

“எங்க சித்தப்பாவும் கற்பூரம் அடிச்சாருடா. ‘ஒரு பைசா எங் கையில ஒட்டல’ன்னு. தேவதானப்பட்டியில எங்க அத்தை வீட்டுக்காரரும் அதேதான். இப்ப ரெண்டு பேரும் புதுசுக்கு ஆளு பிடிக்கிறாக.”

வார்த்தைகூட மாறவில்லை. அன்றைக்கு மத்தியானம் என்னால் கணக்கு எழுத முடியவில்லை. கடையிலிருந்து நேராக பஸ் ஏறிக் கம்பத்துக்கு வந்தேன். மாமா ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“மாமா, அன்னைக்குக் கோயிலுக்குப் போய்ச் சத்தியம் பண்ணணும்னு பொம்பளைக கூப்பிட்டாக. நீங்க ஒடனே சரின்னீக. பயமா இல்லையா?”

“மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. சார்கிட்டப் போன் போட்டேன். ‘நீங்க தின்னீங்களா’ன்னாரு. இல்லன்னேன். ‘அப்ப எதுக்குப் பயப்படுறீங்க, இந்தக் கையில ஒட்டலன்னு கோயில்ல சொல்லிருங்க, அத்தோட முடிஞ்சிரும்’னாரு. நல்ல யோசனைதான மாப்ள?”

அவர் வாளியைக் கவிழ்த்துவிட்டு டயரைத் தேய்க்கக் குனிந்தார். அந்தத் தேனி ஆள் எங்களைப் படித்திருக்கிறான். எந்தப் புத்தகத்திலும் இல்லாததைப் படித்திருக்கிறான். எங்கள் ஊர்களில் யாரும் தாய்மாமன் மேல் புகார் கொடுக்க மாட்டார்கள், சத்தியம் வாங்கினால் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு, ஊர் ஊராக எங்கள் சாமிகளைக் கொண்டே தன் வழக்குகளைத் தள்ளுபடி செய்துகொண்டிருக்கிறான். வக்கீலுக்குக் கொடுக்கிற காசுகூட அவனுக்குச் செலவாகவில்லை. கற்பூரம்கூட எங்கள் காசு.

புதுக் கம்பெனியின் கூட்டம் அதே மண்டபத்தில் நடந்தது. நானும் போனேன். அம்மா ஜீப்புப் பெண்களோடு முன்வரிசையில் இருந்தாள். அதே ஆள், இப்போது கோட்டுப் போட்டிருந்தார். “ஏலக்கா எடுக்கிற கையில ஏலக்கா வாசம் வருது” என்று தொடங்கினார். கம்பெனிப் பெயரை மாற்றியவர் அந்த ஒரு வரியைக்கூட மாற்றச் சிரமப்படவில்லை. போன தடவை சிரித்த இடத்திலேயே மண்டபமும் சிரித்தது.

நான் எழுந்து நின்றேன். “பழைய கம்பெனியிலயும் நீங்கதான பேசுனீங்க? அந்தப் பணத்துக்கு யார் பதில் சொல்றது?”

அவருக்குக் கோபமே வரவில்லை. “தம்பி படிச்சவரு. படிச்சவங்க இப்பிடித்தான் கேக்கணும்” என்று எல்லோரையும் எனக்குக் கை தட்டச் சொன்னார். தட்டினார்கள். “அந்த நிர்வாகம் வேற தம்பி. அதுல நானும் ஒங்க அம்மா மாதிரி ஏமாந்தவன். ஆனா ஏமாந்தவங்களை விட்டுட்டு ஓடலையே, திரும்பி வந்திருக்கேன்ல?” மறுபடி கைதட்டல். இப்போது அவருக்கு.

“ஒரு கம்பெனிக்குப் பணம் குடுத்தா அது திரும்பி வர்றதுக்கு எதுக்கு மறுபடி பணம் கட்டணும்?” என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. பின்னாலிருந்து ஒருத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“ஒக்காருலே. ஒன்னால எங்க பழைய பணமும் போயிரும் போல.”

“காலேசுக்குப் போனா பெரிய இவனா? நாங்க கெட்டது போதாதா, ஒழுங்கா நடக்குறதையும் கெடுக்க வந்துட்டான்.”

அவர்கள் குரலில் இருந்தது பயம். இழந்த பணத்தை அந்த ஆள் ஒரு கயிற்றில் கட்டி மேலே தொங்கவிட்டிருந்தான். நான் அந்தக் கயிற்றை அறுக்க வந்தவனாகத்தான் அவர்களுக்குத் தெரிந்தேன். அவனைவிட என் மேல்தான் கோபம். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மாமா தோட்டை வாங்க வந்தார். அடகுக் கடைக்கு அவரே கொண்டு போவதாகப் பேச்சு. அம்மா ஒரு காதுத் தோட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தாள். திருகாணி இறுகிப்போய் இன்னொரு தோடு வர மறுத்தது.

“மாமா, ஒன்னு மட்டும் கேக்குறேன்” என்றேன். “நீங்க தின்னீகளான்னு நான் கேக்கல. இந்தக் கம்பெனி அந்தக் கம்பெனி இல்லன்னு கற்பூரம் அடிப்பீகளா?”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“அது எப்பிடி மாப்ள நான் சொல்ல முடியும்?”

“ஏன் முடியாது?”

“ஏன்னா…” துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மாமா எத்தனை ஆள் பிடித்தாலும் சாமி முன்னால் பொய் சொல்ல மாட்டார். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அம்மா கையில் இருந்த தோட்டை மறுபடி காதில் போட்டாள். திருகாணியை இறுக்கினாள்.

மாமா எழுந்தார். “அக்கா, கோவிச்சுக்கிறாத. கூடப்பிறந்தவளே சேரலன்னா மத்தவுக என்ன நெனப்பாக? தெனமும் எம் பின்னாடியே உக்காந்து வருவ, ஒன்னையும் என்னையும் பாத்துக்கிட்டே வருவாக.” செருப்பை மாட்டிக்கொண்டார். “நாளையிலருந்து வேற ஜீப்பு பாத்துக்க.”

“செரிலே” என்றாள் அம்மா.

வேறு ஜீப் கிடைக்கவில்லை. எல்லா ஜீப்பிலும் இடங்கள் ஏற்கனவே பேசி முடிந்தவை. அம்மா கீழே திராட்சைத் தோட்டங்களுக்குப் போனாள். பந்தலுக்கு அடியில் நாள் முழுக்கக் கையைத் தூக்கியபடி வேலை. மலைக் கூலியைவிடக் குறைச்சல், அதுவும் தினமும் கிடையாது. ராத்திரி தோளைத் தூக்க முடியாமல் படுத்திருப்பாள். எண்ணெய் தேய்த்து விடும்போதெல்லாம் அந்தக் கோட்டுப் போட்ட ஆளின் கழுத்து என் கைக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்வேன். மாமா வீட்டுக்கும் எங்களுக்கும் பேச்சு இல்லை.

இரண்டாவது கம்பெனி முதல் கம்பெனி அளவுக்குக்கூட நிற்கவில்லை. பூட்டு, வெளுப்பான சுவர், எடுக்காத போன். பெண்கள் இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. வேலை முடிந்து வந்து இறங்கிய சாயங்காலமே மாமாவைக் கோயிலுக்குக் கூப்பிட்டார்கள். தெரு முழுக்கக் கூடியது. அம்மாவும் நானும் போனோம்.

தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மாமா அதன் முன்னால் வந்து நின்றார். கையைத் தூக்கவில்லை.

“நான் சத்தியம் பண்ண மாட்டேன். போன தடவ பண்ணுனதாலதான் இந்தத் தடவ எல்லாரும் நம்புனீக. வாங்க, ஸ்டேசனுக்குப் போவோம். நான்தான் வாங்குனேன்னு நானே சொல்லுறேன். யாருகிட்டக் குடுத்தேன்னும் சொல்லுறேன்.”

மூத்தவள் கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சொன்னாள்: “பாத்தீகளா. பண்ண மாட்டேங்குறான்.”

அவ்வளவுதான். கற்பூரத்துக்கு முன்னால் ஒருவன் கையைத் தூக்க மறுத்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். “அப்ப நீதான் தின்ன.” “மொதத் தடவையும் நீதான் தின்னுருப்ப.” “எம் மக தாலிக்கு வச்சிருந்தது, வெளங்குவியா?” ஒருத்தி மண்ணை வாரி அவர் மேல் எறிந்தாள். நான் குறுக்கே போய் நின்று, அந்தத் தேனி ஆளைப் பற்றி, வடுகபட்டியைப் பற்றி, போனில் சொல்லிக்கொடுத்ததைப் பற்றிக் கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. ஒரு மனிதன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியானதைச் செய்கிறான், அந்த நிமிடத்தில் அவன் திருடனாகிவிட்டான். இரண்டு தடவை அவர்கள் வயிற்றில் அடித்தவன் பக்கத்து ஊரில் கோட்டை மாட்டிக்கொண்டு மூன்றாவது பெயரை யோசித்துக்கொண்டிருந்தான். அவனைத் தேட இனி யாருக்கும் அவசியம் இல்லை. அவர்களுக்குத் திருடன் கிடைத்துவிட்டான்.

ஸ்டேசனுக்கு மூன்று பேர்தான் போனோம். புகாரை நான் எழுதினேன். மாமா கையெழுத்துப் போட்டார், அம்மா கைநாட்டு வைத்தாள். எழுத்தர் வாங்கிப் படித்துவிட்டு, “பணம் வாங்குனவனே புகார் குடுக்கிறியா? இதுல மொதல் எதிரி நீதான்யா வருவ” என்றார். “வரட்டும் சார்” என்றார் மாமா. “மத்தவங்க யாரும் வரலையா?” என்று எழுத்தர் கேட்டார். நாங்கள் மூன்று பேர்தான் என்றேன். விசாரிக்கிறோம் என்றார்கள். பல தடவை போனேன். அந்தப் பெயரில் இப்போது கம்பெனியே இல்லையே என்றார்கள். ஒருநாள் தேனி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புது பேனர் கட்டியிருந்தது. மூன்றாவது பெயர். அதை ஒரு போட்டோ எடுத்துப் பிரிண்ட் போட்டுக்கொண்டு போய் ஸ்டேசனில் கொடுத்தேன். அதையும் புகாரோடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள்.

மாமாவின் ஜீப்பில் பிறகு யாரும் ஏறவில்லை. தெரு முக்கில் வேறு ஜீப் வந்து நின்று அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டது.

புகார் கொடுத்துவிட்டு ஸ்டேசனிலிருந்து நடந்து வந்த அன்று, எங்கள் வீட்டு வாசலில் அம்மா மாமாவிடம் கேட்டாள், “நாளைக்கு எப்ப வந்து நிக்கணும்?”

“ஒருத்திய ஏத்திக்கிட்டு மெட்டு ஏறுனா டீசலுக்குக் கட்டாதுக்கா.”

“நீ ஏறு. நான் கங்காணிகிட்டப் பேசுறேன்.”

அவள் பேசினாள். ஒரு ஆளுக்காக ஒரு ஜீப்பைக் கணக்கில் வைக்க முடியாது என்று கங்காணி சொல்லிவிட்டார். இரண்டு பேரும் வெறும் வண்டியில் மத்தியானமே மலை இறங்கி வந்தார்கள்.

மறு வாரம் மாமா ஜீப்பை விற்றார். அம்மா திராட்சைப் பந்தலுக்கே போனாள்.